இரண்டு பேர் குடித்த செம்பு

"அப்பா, என் வேர்வையும் உங்க வேர்வையும் ஒரே உப்பா?"

ஐந்து வயது நித்திலா இதைக் கேட்டபோது சென்னியப்பன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாமக்கல் கோட்டைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். குழந்தை முதலில் அவருடைய கழுத்தை நக்கிப் பார்த்தாள். பிறகு தன் புறங்கையை நக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கேட்டாள். சோதித்துப் பார்த்துவிட்டுக் கேட்கிற குழந்தைக்கு ஏதாவது சொல்லி ஒப்பேற்ற முடியாது.

சென்னியப்பன் உணவு வேதியியல் ஆய்வாளர். மறுநாளே ஆய்வுக்கூடத்தில் இருவருடைய வேர்வையையும் அளந்து பார்த்தார். ஒரே உப்பு இல்லை. பிறகு நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஓட்டப் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பெண்கள் என்று அகப்பட்டவர்களை எல்லாம் வேர்க்க வைத்து அளந்தார். ஒருவர் வேர்வையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உப்பு இன்னொருவர் வேர்வையில் இருந்தது. அப்படியிருக்க, நெடுந்தூரம் ஓடுகிற எல்லாருக்கும் கடையில் ஒரே பானத்தை விற்பது சரியா என்று அவருக்குத் தோன்றியது.

அப்படிப் பிறந்ததுதான் கைச்செம்பு.

கையில் பிடித்தால் உள்ளங்கை வேர்வையை அது படித்துக்கொள்ளும். இந்த நிமிஷம் இந்த உடம்புக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்த்துக் கலந்து கொடுக்கும். போதுமான அளவு குடித்துவிட்டால் தானே மூடிக்கொள்ளும். முதலில் ஓட்டக்காரர்கள் வாங்கினார்கள். பிறகு வெயிலில் சாலை போடுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறவர்கள். கோடையில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வருவோர் பாதியாகக் குறைந்தார்கள். சென்னியப்பன் தினமும் காலையில் சாமி கும்பிடும்போது அந்த ஒரு விஷயத்துக்காக நன்றி சொல்வார்.

பதினெட்டு ஆண்டுகளில் செம்பு இல்லாத கை இல்லை என்றாகிவிட்டது. அதோடு வேறொன்றும் நடந்தது. அது நடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஒருவர் செம்பு இன்னொருவருக்குத் திறக்காது. ஆரம்ப நாட்களில் யாரோ ஒருவர் அடுத்தவர் செம்பிலிருந்து குடித்து வாந்தி எடுத்தார். அதனால் பாதுகாப்புக்காக வைத்த பூட்டு அது. நாளடைவில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பது நின்றுபோனது. அவரவர் தண்ணீர் அவரவர் கையில் இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? கல்யாணப் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்கிற வழக்கம் போனது. பேருந்து நிலையக் குழாய்களைக் கழற்றினார்கள். சித்திரை மாத வெயிலில் நீர்மோர் கொடுத்த பந்தல்களில் இப்போது செம்புக்கு மட்டும் பொருந்துகிற நிரப்புக் குழாய்கள் நின்றன. அந்தக் குழாய்க்குச் செம்பின் வாய் தெரியும். மனிதருடைய வாய் தெரியாது.

இந்தக் கதை ஓர் ஆடிப்பெருக்கு நாளில், கொல்லிமலையில் நடந்தது.

அன்று ஆண்டுதோறும் நடக்கும் நெடுந்தூர மலை ஓட்டம். அடிவாரத்தில் விடியற்காலையில் புறப்பட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மலைமேல் செம்மேட்டில் முடிக்க வேண்டும். மணி பார்த்து முடிப்பதில்லை. ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் ஓட்டுநர் இல்லாத ஒரு சின்ன வெள்ளை வண்டி, குறித்த வேகத்தில் ஏறிக்கொண்டே வரும். அது யாரைத் தாண்டிவிடுகிறதோ அவர் வெளியே. அது செம்மேட்டுக்கு வந்துவிட்டால் ஓட்டம் முடிந்தது. "தயவுசெய்து வேகமாகச் செல்லவும்" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவதால் அதற்கு மாமியார் என்று பெயர்.

கஸ்தூரி இரண்டு முறை மாமியாரிடம் தோற்றவள். ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இந்த ஓட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். அவளுக்கு நாற்பத்தைந்து முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. புறப்படுவதற்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "இந்தவாட்டியும் வண்டியிலதான் வருவீங்களாக்கா?" என்று கேட்டிருந்தார்கள். "உங்களுக்கெல்லாம் இனிமே உப்பில்லாத சாம்பார்தான்டா" என்று திட்டிவிட்டு வந்திருந்தாள். ஆனால் இந்த முறை தன் காலால் செம்மேட்டை மிதித்துவிட வேண்டும் என்று எட்டுக்கை அம்மனிடம் அவள் கேட்டுக்கொண்டது அவளுக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரியும்.

நாற்பதாம் வளைவில் சாலையோரச் சுவரின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் தெய்வானை. சேலத்தில் ஓட்டுநர் இல்லாத பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் வேலை. கஸ்தூரியைவிடப் பத்து வயது சின்னவள், அவளைவிட நன்றாக ஓடுகிறவள். கடந்த இரண்டு ஆண்டுகளும் அடிவாரத்தில் பார்த்துப் பழக்கம்.

"என்ன அம்மிணி, ஊரு பாக்க வந்தியா, ஓட வந்தியா?" என்றாள் கஸ்தூரி.

தெய்வானை ஒரு மரத்தைக் காட்டினாள். கிளைமேல் ஒரு குரங்கு அவளுடைய செம்பை மடியில் வைத்துக்கொண்டு மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது. செம்பு அதனிடம் பொறுமையாக, "உரியவரின் கை பொருந்தவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கஸ்தூரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதக்கா. நாக்கு ஒட்டிக்கிச்சு. ஐம்பத்தெட்டாம் வளைவுலதான் வேற செம்பு தருவாங்களாம். அதுவரைக்கும் எப்படி ஏறுறது? வெயிலப் பாரு."

கஸ்தூரி சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. கன்னத்தில் வேர்வை காய்ந்து உப்பாகப் பூத்திருந்தது.

"தலைய அண்ணாத்து."

"ஐயோ, வேண்டாங்க்கா. அடுத்தவங்க செம்புல குடிச்சா ரெண்டு பேரும் வெளிய. உனக்கு இது கடைசி வருசம் வேற."

"புடிச்சிருக்கறது என் கை. உன் வாய் அதுல படப்போறதில்ல. குடிச்சது நீன்னு இந்தச் செம்புக்கு எப்படிடி தெரியும்? வாயத் தொற."

உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது நம் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். செம்பைச் செய்தவர் அதை நினைத்துப் பார்க்கவில்லை. பிடிக்கிற கையும் குடிக்கிற வாயும் ஒரே ஆளுடையவை என்று அவர் நம்பிவிட்டார். கஸ்தூரியின் உள்ளங்கையைப் படித்துக் கஸ்தூரிக்காகக் கலந்த பானம், உயரத்திலிருந்து ஒரு நூல்போல இறங்கித் தெய்வானையின் வாயில் விழுந்தது.

"நல்லா இருக்குதா?"

"தேன் மாதிரி இருக்குது."

"பொய் சொல்லாத. எனக்கே புடிக்காது."

இருவரும் சேர்ந்து ஏறினார்கள். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று, யாரும் வரவில்லையே என்று பார்த்து, கஸ்தூரி ஊற்றுவாள். செம்பு ஒவ்வொரு மடக்கையும் கஸ்தூரி குடித்ததாகவே எண்ணிக்கொண்டது; அவள் உள்ளங்கை இன்னும் தாகம் என்றே சொன்னதால் மூடிக்கொள்ளவும் இல்லை. அவள் வாய்க்குப் போனது கொஞ்சம்தான். ஐம்பத்தைந்தாம் வளைவில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நீ முன்னால போ. எனக்காக நின்னீன்னா மாமியாகிட்ட ரெண்டு மருமகளும் மாட்டிக்குவோம்" என்று தெய்வானையைத் துரத்தினாள்.

ஐம்பத்தெட்டாம் வளைவுச் சாவடியில் தெய்வானை புதுச் செம்பை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டாள். பின்னால் வந்த கஸ்தூரி சாவடிக்குள் கால் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்தச் சாவடியின் மருத்துவர் நித்திலா. வேர்வையை நக்கிப் பார்த்த அதே நித்திலா. பக்கத்தில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஓட்டக் குழுவுக்கு விதிகள் எழுதிக் கொடுத்தவர் என்பதால் ஆண்டுதோறும் அவரை அழைத்து ஒரு நாற்காலி போட்டுவிடுவார்கள்.

"அக்கா, உக்காருங்க. அளவுக்கு மேல தண்ணி குடிச்சிட்டீங்க" என்றாள் நித்திலா.

"தாகமுங்க டாக்டர்."

"இவ்வளவு குடிச்சா ரத்தத்துல இருக்கற உப்பு நீர்த்துப் போயிரும். தலைவலி வரும், குழப்பம் வரும், மூளை வீங்கிரும். தண்ணி இல்லாம விழறதவிட இது மோசம். உங்களை ஓட விடக்கூடாது."

"எவ்வளவு நேரம் உக்காரணுங்க?"

"ஒரு மணி நேரம்."

கஸ்தூரி சாலையைத் திரும்பிப் பார்த்தாள். மாமியாரின் குரல் இன்னும் கேட்கவில்லை. ஆனால் வண்டி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகாது. உண்மையைச் சொன்னால் மேலே ஓடிக்கொண்டிருப்பவளும் வெளியே போக வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைத் தேடுவதுபோல் கழுத்தைத் தடவினாள். ஓட்டச் சட்டையில் முந்தானை ஏது? கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வழக்கப்படி நித்திலா அவளை எடை மேடையில் ஏற்றினாள். எண்ணைப் பார்த்தாள். இறங்கச் சொல்லி மறுபடி ஏற்றினாள்.

"அப்பா, இங்க வாங்க. காலையில இருந்த எடையவிட ரெண்டு கிலோ குறைவு. செம்பு சொல்ற அளவுக்குக் குடிச்சிருந்தா கூடியில்ல இருக்கணும்?"

சென்னியப்பன் எழுந்து வந்தார். "செம்பு பொய் சொல்லாது கண்ணு."

"எடை மேடை மட்டும் பொய் சொல்லுமா?"

அவர் கஸ்தூரியின் உதட்டைப் பார்த்தார். வெடித்திருந்தது. "ஏனுங்க, அவ்வளவு தண்ணியும் எங்கீங்க போச்சு?"

"சாமிக்குத்தான் தெரியும்."

"குடிச்சீங்களா?"

"செம்பு குடிச்சேன்னு சொல்லுதுங்களே."

சென்னியப்பன் கஸ்தூரியின் செம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தலையை அண்ணாத்தி, வாயைத் திறந்து, செம்பை உயரத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் திகைப்பும் பிறகு ஒரு பெரிய சிரிப்பும் வந்தன.

"என்னப்பா?"

"இது கையத்தான் பாக்குது நித்திலா. வாயப் பாக்கறதில்ல. நம்ம வீட்ல என் அம்மா எனக்கு ஊத்துன மாதிரி யாராவது ஊத்துனா... பதினெட்டு வருசமா எனக்கு இது தோணவே இல்ல பாரு!"

கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயா, என்னை வேணா வெளிய அனுப்பிருங்க. வேற யாரையும் ஒண்ணும் பண்ணாதீங்க."

"யாரையும் நான் கேக்கலீங்களே."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணியாவது..." என்று கஸ்தூரி தன் செம்பை வாங்கிப் பிடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்ததிலிருந்து செம்பு இறுக மூடியிருந்தது. "போதுமான அளவு அருந்திவிட்டீர்கள்" என்றது.

நித்திலா சாவடி முழுவதும் தேடினாள். மருந்துப் பெட்டி இருந்தது. கட்டுத்துணி இருந்தது. மாற்றுச் செம்பு ஒன்றும் மிச்சமில்லை. நிரப்புக் குழாயைத் திருகிப் பார்த்தாள். அது செம்பைக் கேட்டது. அவ்வளவு பெரிய மலையில், அருவி விழுகிற மலையில், தாகம் என்று வந்தவளுக்குக் கொடுக்க ஒரு டம்ளர் தண்ணீர் இல்லை. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

சென்னியப்பன் தன் இடுப்பிலிருந்த சொந்தச் செம்பை எடுத்தார்.

ஓட்டக்காரர் இன்னொரு ஓட்டக்காரரிடம் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று விதியில் இருந்தது. ஓட்டக்காரருக்கு நிர்வாகி கொடுக்கக் கூடாது என்று இல்லை. அப்படி ஒருவர் கொடுப்பார் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. எழுதியவர் அவர்தான்.

"அண்ணாந்துக்குங்க."

அவர் யாருக்கும் தண்ணீர் ஊற்றிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. முதல் மடக்கு கஸ்தூரியின் மூக்கில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில் வழிந்தது. மூன்றாவதுதான் வாய்க்குள் போனது. அவள் குடித்துக்கொண்டே சிரித்ததில் புரை ஏறியது. நித்திலா அவள் தலையில் தட்டினாள்.

"உங்க தண்ணி கொஞ்சம் கரிக்குதுங்க ஐயா."

"எனக்கு வேர்வையில உப்பு அதிகம். சின்ன வயசுலேயே என் மக கண்டுபிடிச்சுட்டா."

"பரவால்லீங்க. ரசம் குடிச்ச மாதிரி இருக்குது."

நித்திலா மெதுவாகக் கேட்டாள்: "உங்க கலவை அவங்களுக்கு ஆகுமாப்பா?"

"ஒரு சிட்டிகை முன்னப்பின்ன இருந்தா உடம்பு பொறுத்துக்கும் கண்ணு. ஆளுக்கு ஆள் வேறன்னு நான் அளந்தது நிஜம். ஆனா ஒருத்தர் தண்ணி இன்னொருத்தருக்கு வெஷம்னு நான் அளக்கல. அந்தப் பூட்டுக்கு அப்புறம் ஊரு அப்படி நெனச்சுக்கிச்சு."

நித்திலா கஸ்தூரியின் நாடியைப் பார்த்தாள். சில கேள்விகள் கேட்டு, பேச்சில் குழப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். மறுபடி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்திச் சிவப்பு விளக்கை அணைத்தாள். "தண்ணி அதிகமாகல. மருத்துவரா நான் சொல்றேன். ஓடலாம்."

அதற்குள் இருபது நிமிஷம் போயிருந்தது. கீழ் வளைவிலிருந்து குரல் வந்துவிட்டது: "தயவுசெய்து வேகமாகச் செல்லவும்."

"வந்துட்டா மகராசி" என்று சொல்லிக்கொண்டே கஸ்தூரி ஓடினாள். அவளுக்குப் பின்னால் வேறு ஓட்டக்காரர் யாரும் இல்லை. வெள்ளை வண்டி மட்டும்தான்.

அப்பாவும் மகளும் குறுக்கு வழியில் ஜீப்பில் செம்மேட்டுக்குப் போய்க் காத்திருந்தார்கள். வண்டி வர வேண்டிய நேரம் வந்தது. வண்டி வரவில்லை. குழுவினர் கடிகாரத்தைப் பார்த்தார்கள், சாலையைப் பார்த்தார்கள். மலைமேல் மூடுபனி இறங்கியிருந்தது. பனியில் வழி தெரியாமல் நின்றிருக்கும் என்றார் ஒருவர். "மருமக ஓட்டத்தப் பாத்து மாமியாருக்கே மயக்கம் வந்திருக்கும்" என்றார் இன்னொருவர்.

பனிக்குள்ளிருந்து கஸ்தூரி வந்தாள். ஓடுகிறாளா நடக்கிறாளா என்று சொல்ல முடியாதபடி வந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் குனிந்து செம்மேட்டு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைமையாசிரியரோடு பேருந்து பிடித்து வந்திருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் எழும்பின. "சாம்பார்ல உப்பு உண்டா இல்லையாக்கா?" என்று ஒருவன் கத்தினான். "ரெண்டு கரண்டி போடறேன்டா!" என்றாள் அவள்.

நித்திலா திரும்பிப் பார்த்தபோது அவள் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துத் தெய்வானை வந்தாள். அவளுக்கு இரண்டு கை தூரத்தில் மாமியார். அன்றைக்கு ஓட்டத்தை முடித்தவர்களில் கடைசி ஆள் அவள்தான்.

கஸ்தூரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்கு முன்னால பறந்தவ நீ. எங்கடி போயிருந்த?"

"ஷூ லேசு அவுந்துருச்சுக்கா."

"இத்தன நேரமா? நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டாத்தான் என்ன?" என்று திட்டிவிட்டுத் தனக்குப் பரிசாகக் கொடுத்த அன்னாசிப்பழத்தை அவள் கையில் திணித்தாள் கஸ்தூரி.

அடுத்த கோடைக்குள் சென்னியப்பன் செம்பைத் திருத்திவிட்டார். இப்போது உரியவர் விரும்பினால் அது பிறருக்கும் ஊற்றும். ஊற்றுகிறவர் கணக்கில் அதைச் சேர்க்காது. ஓட்ட விதியையும் அவரே மாற்றி எழுதினார். தாகப்பட்டவருக்குக் கொடுக்கலாம், அடுத்த சாவடியில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நாமக்கல் பக்கம் சில வீடுகளில் வாசலுக்கு வந்தவரைப் பார்த்து "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கேட்கவே நன்றாக இருக்கிறது. கடவுள் மனிதனுடைய உள்ளங்கையை நடுவில் குழித்துப் படைத்ததற்கு ஏதோ காரணம் இருக்கத்தான் வேண்டும்.

அன்று வண்டி ஏன் தாமதமானது என்பதை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

எழுபது வளைவுகளையும் ஏறி முடித்திருந்த தெய்வானை அப்போது பெண்களில் ஏழாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். பணிமனையில் அவளுக்கு வரவேற்புப் பலகை எழுதிவைத்திருந்தார்கள். பின்னாலிருந்து வந்து தாண்டிய ஒருத்தி, "கீழ சாவடியில ஒரு சமையலக்காவ உக்கார வெச்சுட்டாங்க. தண்ணி ரொம்பக் குடிச்சிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெய்வானையின் கால் தானாக நின்றது. அந்தத் தண்ணீரைக் குடித்தவள் யார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் போய் உண்மையைச் சொன்னால் கஸ்தூரியும் வெளியே.

அவள் சாலையோரத்தில் ஒரு பலாமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். எத்தனையோ பேர் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் எண்ணவில்லை. கடைசியில் பனிக்குள் இரைக்கும் மூச்சு கேட்டது. கஸ்தூரி அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே கடந்து போனாள். இருபதடி தூரத்தில் மாமியார். இன்னும் ஒரு மேடு வந்தால் தாண்டிவிடும்.

தெய்வானை எழுந்து சாலை நடுவில் வந்து, வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஆள் எதிரில் இருந்தால் இந்த மாதிரி வண்டி நகராது. தினமும் அந்த உணர்கருவிகளைத் துடைத்து வைக்கிறவள் அவள்.

"தயவுசெய்து வழிவிடவும்."

"விடறேன் அத்தை. லேசக் கட்டிக்கிறேன்."

வலது காலை அவிழ்த்துக் கட்டினாள். இடது காலை அவிழ்த்துக் கட்டினாள். ஷூவைக் கழற்றி, இல்லாத கல்லைத் தட்டினாள். காலுறையைத் திருப்பிப் போட்டாள். கஸ்தூரியைச் சாவடியில் எவ்வளவு நேரம் உட்கார வைத்திருப்பார்கள் என்று, தான் அங்கே போன நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் வைத்து அவள் கணக்குப் போட்டிருந்தாள். தன்னால் அவளுக்குப் போன நேரம் எவ்வளவோ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நிமிஷம் எடுத்தாலும் அது திருட்டு.

"தயவுசெய்து வழிவிடவும்" என்றது வண்டி மறுபடி. தனக்கு முன்னால் ஆள் இருப்பது அதற்குத் தெரியும். ஏன் இருக்கிறாள் என்பது தெரியாது.

பனி இன்னும் அடர்ந்தது. சாலையில் வேறு யாரும் இல்லை. நேரம் வந்ததும் தெய்வானை முடிச்சை இறுக்கி எழுந்தாள். வண்டியின் நெற்றியில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடத் தொடங்கினாள்.